கூத்தரின் போர்க்கோலம்: மெய்ம்மையும் பயனும்

1. நுதலிய பொருள்

நிகழ்ந்து முடிந்த போரை மீண்டும் நடித்துக் காட்டும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. அவ்வாறு நடிப்போர் அனைவர்க்கும் முதலில் எதிர்ப்படும் வினா ஒன்றே. அணியும் கவசமும் ஏந்தும் படைக்கலமும் பண்டை வீரனுடையவை போன்றே அமைதல் வேண்டுமா, அன்றி, அணிந்து ஆடுவோனது உடலுக்கும் காப்புக்கும் ஏற்ப மாறலாமா என்பதே அவ்வினா. முன்னதை மெய்ம்மை என்றும் பின்னதைப் பயன் என்றும் இக்கட்டுரை வழங்கும்.

இவ்வினாவைத் தமிழ்நிலத்தில் ஆராய்தற்கு உரிய இடம் கூத்துக்களம். புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தை அடுத்து அமைந்த அபிஷேகப்பாக்கமும், அதனைச் சூழ்ந்த பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களின் ஊர்களும், வடமேற்கே செஞ்சி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் வரை பரந்த நிலப்பகுதியும் திரௌபதியம்மன் வழிபாடு வேரூன்றிய நாடாகும். இந்நாட்டு ஊர்களில் பங்குனி முதல் ஆடி வரையுள்ள கோடைப் பருவத்தில் பாரதப்போர் ஆண்டுதோறும் நடிக்கப்பெறுகின்றது. பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பிரசங்கியார் விரித்துரைப்பர்; இரவில் கூத்தர் அதனை ஆடுவர்; இறுதி நாளின் காலையில் படுகளம் நிகழும்; மாலையில் மக்கள் தீமிதிப்பர்.

இப்போரில் கூத்தர் அணியும் கோலம் எவ்வாறு அமைந்தது, அதனுள் மெய்ம்மையும் பயனும் எவ்வாறு இயைந்தன, இன்று அக்கோலத்திற் புகுந்துள்ள புதிய பொருள்களை எவ்வளவையால் மதிப்பிடுவது என்னும் மூன்றும் இங்கு ஆராயப்பெறும். மெய்ம்மையும் பயனும் ஒன்றற்கொன்று பகை எனக் கொள்வது பொதுவழக்கு. கூத்தரின் கோலத்திலோ, பயனே மெய்ம்மையை ஈன்றது என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. இலக்கியம் காட்டும் போர்க்கோலம்

பண்டைத் தமிழ் நூல்கள் வீரனின் கோலத்தை இருகூறாகக் காட்டுகின்றன. ஒன்று உடலைக் காப்பதும் பகையை வெல்வதுமாகிய கருவி. மற்றொன்று அவன் யார், என்ன கருதிப் புறப்பட்டான் என்பதை அறிவிக்கும் அடையாளம்.

கருவியைப் பொறுத்தவரை, உடலை மறைக்கும் கவசத்தை மெய்ம்மறை என்னும் சொல்லாற் பதிற்றுப்பத்துக் குறிக்கின்றது. கேடயத்தைத் தோல், கிடுகு என்னும் சொற்கள் உணர்த்துகின்றன. வேலும் வாளும் வில்லும் பாடல்தோறும் வருவன. ஆயினும் புறத்திணை இலக்கணம் போரைப் பகுத்துப் பெயரிட முற்படும்போது கருவியை விட்டுவிட்டுப் பூவைப் பற்றுகின்றது. ஆநிரை கவரச் செல்வோன் வெட்சி சூடுவான்; மண்ணாசையாற் படையெடுப்போன் வஞ்சி சூடுவான்; மதிலை வளைப்போன் உழிஞை சூடுவான்; இருபெருவேந்தரும் ஒரு களத்திற் பொருதும்போது தும்பை சூடுவர்; வென்றோன் வாகை சூடுவான்.

தும்பை சிறிய வெண்பூ. அது வாளைத் தடுக்காது, அம்பைத் தாங்காது. எனினும் களத்தில் நிற்போனை இன்னான் என்று தொலைவிலிருந்தே காட்டிவிடும். ஆகவே போர்க்கோலம் என்பது காக்கும் பொருள் மட்டுமன்று, காட்டும் பொருளுமாம் என்னும் கருத்துத் தமிழர்க்குத் தொல்காப்பியக் காலத்திலேயே தெளிவாக இருந்தது எனலாம். பூவின் பெயரே திணையின் பெயராயிற்று என்றால், காட்டும் பணிக்கு அவர்கள் தந்த இடம் எத்துணைப் பெரிது என்பது புலனாகும்.

போரை ஆடிக் காட்டும் வழக்கும் அந்நூலிலேயே காணப்படுகின்றது. தும்பைத் திணையின் துறைகளுள் அமலை ஒன்று. வென்ற வேந்தனின் வாள்வீரர் களத்தில் ஆடும் ஆட்டம் அது. வாகைத் திணையில் முன்தேர்க் குரவையும் பின்தேர்க் குரவையும் கூறப்படுகின்றன. இவை போர் முடிந்த களத்திலேயே போர்க்கருவியோடு ஆடப்பட்டவை; ஆதலின் இவற்றில் ஆடுகோலம் வேறு, போர்க்கோலம் வேறு என்னும் பிரிவு எழவில்லை.

அப்பிரிவு சிலப்பதிகாரத்தில் எழுகின்றது. கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களுட் பல தெய்வங்கள் அவுணரை வென்ற போர்களை நினைவூட்டுவன. முப்புரம் எரித்த இறைவனின் கொடுகொட்டியும், சூரனை வென்ற முருகனின் துடியும், அவுணர் படைக்கலம் இழந்து தளர அவன் ஆடிய குடையும், வஞ்சம் செய்த அவுணரை மிதித்துக் கொற்றவை ஆடிய மரக்காலும் இவ்வகையின. இவற்றை மாதவி ஆடும்போது உண்மைப் படைக்கலம் தேவைப்படவில்லை. குடைக்கூத்தில் ஒரு குடையே எழினியாக நின்று போர்க்களத்தைக் காட்டிற்று. மரக்காலில் மரத்தாற் செய்த கால் ஒன்றே தெய்வத்தின் உயரத்தையும் சினத்தையும் காட்டப் போதுமானதாயிற்று. நிகழ்ந்த போரை நினைவிற் கொண்டு ஆடுவோர்க்கு மரமும் துணியுமே கருவி என்னும் நெறி இங்குத் தொடங்குகின்றது. பிற்காலக் கூத்தின் கட்டைக்கு இம்மரக்காலே நேர்முன்னோர் என்று கூறத் துணியவில்லை. ஆனால் இரண்டும் ஒரே எண்ணத்தின் விளைவு என்பதில் ஐயமில்லை.

3. நடுகல் காட்டும் வீரன்

இலக்கியத்தை விடுத்துக் கல்லை நோக்கினால் வேறொரு காட்சி தோன்றுகின்றது. திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள செங்கம் வட்டாரத்திற் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. பல்லவர் காலம் தொட்டு நடப்பெற்ற இக்கற்களிற் காணும் வீரன் ஒரு கையில் வில்லும் மற்றொரு கையில் வாளோ அம்போ ஏந்தி நிற்கின்றான். இடையில் சிறிய ஆடை; அதிற் செருகிய குறுவாள்; தலையில் முடிந்த கொண்டை. சில கற்களில் அவன் உடலில் அம்புகள் தைத்திருக்கின்றன. பெருமுடியும் மார்பை மூடும் தட்டும் தோளினின்று விரியும் அணியும் அவனிடத்தில் இல்லை.

கூத்து வழங்கும் அதே நிலப்பகுதியில், உண்மையாகப் போரிட்டு மடிந்த வீரனின் கோலம் இதுவே. மெய்ம்மை என்பது பண்டை வீரன் அணிந்ததை அப்படியே அணிதல் என்று கொள்ளின், கூத்தர் வெறுமார்போடும் சிற்றாடையோடும் ஆடுதல் வேண்டும். அவ்வாறு செய்வது எளிது, செலவும் இல்லை, வெயிற்காலத்திற்கு உகந்ததுங்கூட. அவர் ஏன் அவ்வாறு செய்யவில்லை? இவ்வினாவுக்கு விடை காணின் நம் ஆய்வின் பெரும்பகுதி முடிந்தவாறாம்.

விடையின் ஒரு பாதி கதையில் உள்ளது. கூத்தர் ஆடுவது ஆநிரை மீட்ட ஊர்மறவனின் கதையன்று. பேரரசர் போரிட்ட பாரதக்கதை. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்திற் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் 7-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்குப் பங்கு ஒதுக்கியதைக் கூறுகின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகத் தொண்டைநாட்டு மக்கள் பாரதத்தைச் செவியாற் கேட்டு வந்துள்ளனர். அவர்கள் உள்ளத்தில் துரியோதனன் முடியும் அணியும் பூண்ட மன்னன். அவனை மேடையிற் காட்டுங்கால் நடுகல் வீரனின் கோலம் பொருந்தாது. எனவே கூத்தரின் மெய்ம்மை தொல்லியலைச் சார்ந்ததாக இன்றிக் காப்பியத்தைச் சார்ந்ததாயிற்று.

விடையின் மறுபாதி இரவில் உள்ளது. அதனைக் கட்டையைப் பற்றி ஆராயும்போது காண்போம்.

4. கட்டை

கூத்தில் மன்னரும் வீரருமாகிய பாத்திரங்கள் அணியும் மர அணிகளுக்குக் கட்டை என்பது பெயர். இரவு முழுதும் ஆடும் இக்கூத்துக்குக் கட்டைக்கூத்து என்னும் பெயர் இவ்வணிகளால் அமைந்தது. இப்பெயரை வலியுறுத்தியோருள் முதன்மையானோர் கூத்தர் பெ. இராசகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் ஆவர். கூத்தர்க்கென 1990-இல் காஞ்சிபுரத்தில் தோன்றிய அமைப்பும் கட்டைக்கூத்துச் சங்கம் என்றே பெயர் பூண்டது. ஒரு கலை தன் பெயரையே ஆடுவோர் அணியும் பொருளினின்று பெறுமாயின், அப்பொருளை வெறும் ஒப்பனை என ஒதுக்குதல் இயலாது.

தலையில் கிரீடம், செவிப்புறத்திற் சிறு கட்டைகள், தோள்களிற் புஜக்கட்டை, மார்பிற் பதக்கம். இவை கல்யாணமுருங்கை போன்ற இலேசான மரத்திற் செதுக்கப்பெறும். செதுக்கிய மரத்தின்மேல் வண்ணமும் பளபளக்கும் தாளும் சிறு கண்ணாடித் துண்டுகளும் பதிக்கப்பெறும். இடையிற் சேலைகளைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் குடைபோல் விரியும் பாவாடை உடுத்துவர். உள்ளே காற்சட்டையும் மேலே முழுக்கைச் சட்டையும் உண்டு. காலிற் சலங்கை கட்டுவர். முகத்தில் அரிதாரம் முதலிய வண்ணங்களைப் பாத்திரத்துக்கேற்பத் தீட்டுவர். திரௌபதி முதலிய பெண்பாத்திரங்களுக்குச் சேலையே உடை. கட்டியங்காரனுக்கோ கட்டை அணிகள் இல்லை. ஆகவே கட்டை பூண்டோன் யார், பூணாதோன் யார் என்பதாலேயே பாத்திரத்தின் தகுதி புலப்பட்டுவிடும். தும்பையும் வாகையும் செய்த பணியை ஈண்டுக் கட்டை செய்கின்றது.

இனி, இவ்வணிகளின் ஒவ்வோர் இயல்பும் ஒரு பயனிலிருந்து பிறந்ததைக் காண்போம்.

முதலாவது எடை. கூத்து இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நிகழ்வது. ஆடுவோன் பாடவும் வேண்டும், பேசவும் வேண்டும், அடவும் வைத்தல் வேண்டும். வட்டமாக விரைந்து சுழலும் கிறிக்கி என்னும் ஆட்டம் வீரப் பாத்திரங்களுக்கு இன்றியமையாதது. உலோகத்தாற் செய்த முடியையும் தோளணியையும் பூண்டு இவ்வாறு ஓரிரவு முழுதும் ஆடுதல் எவர்க்கும் அரிது. கல்யாணமுருங்கை மரமோ தேக்கின் எடையிற் பாதியளவே கொண்டது, செதுக்குவதற்கு மென்மையானது, வேலிகளிலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் வளர்க்கப்பட்டமையால் ஊர்தோறும் கிடைப்பது. இலேசான மரமாதலின் அணியை அகலமாகவும் உயரமாகவும் செய்ய முடிந்தது. கிரீடத்தின் பெருமிதத் தோற்றம் எடைக்குறைவால் வந்ததே.

இரண்டாவது ஒளி. மின்விளக்கு வருவதற்கு முன்னர்க் கூத்துத் தீவட்டி வெளிச்சத்தில் நிகழ்ந்தது. பின்னர்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. அசையும் தீச்சுடரின் முன் வெறுமார்பு வீரன் இருளோடு இருளாகிவிடுவான். கண்ணாடி பதித்த அணியோ சிறு வெளிச்சத்தையும் வாங்கித் திருப்பி அனுப்பும். அவன் அசையுந்தோறும் அணி மின்னும். சுழலுந்தோறும் ஒளி சிதறும். நடுகல் வீரனின் கோலத்தைக் கூத்தர் மேற்கொள்ளாமைக்கு மறுபாதிக் காரணம் இதுவே. பகலிற் கல்லாக நிற்போனுக்கு ஏற்ற கோலம் இரவில் ஆடி நிற்போனுக்கு ஏலாது.

மூன்றாவது தொலைவு. திறந்த வெளியில் அமர்ந்திருக்கும் மக்களுள் கடைசி வரிசையிலுள்ளோர்க்கும் பாத்திரம் விளங்குதல் வேண்டும். அவர்கட்கு முகக்குறிப்புத் தெளிவாகத் தெரியாது. புஜக்கட்டை தோளை அகலப்படுத்துகின்றது. பாவாடை இடையை விரிக்கின்றது. கிரீடம் உயரத்தைக் கூட்டுகின்றது. மனிதன் மனித அளவைக் கடந்து காப்பிய மன்னனாகின்றான். திரைக்குப் பின்னின்று முதலிற் கிரீடமும் பின்னர் முகமும் சிறிது சிறிதாக வெளிப்படும் திரைவருகைக் காட்சி இக்கோலத்தாலேயே சிறக்கின்றது.

நான்காவது உறுதி. கட்டைகள் யாவும் கயிற்றாலும் துணியாலும் உடலோடு இறுகக் கட்டப்பெறுவன. கிரீடம் பூணுமுன் தலையில் துணி சுற்றப்படும். கிறிக்கி அடிக்கும்போது கழன்று வீழாமையும், ஆடுவோன் உடலை உறுத்தாமையும் அக்கட்டிலேயே உள்ளன. தோளில் அகன்ற கட்டை இருத்தலின் கையை உடலோடு ஒட்டி வைக்க இயலாது; விலக்கியே பிடித்தல் வேண்டும். அவ்விலகலே வீரனின் நிலையாகப் பயிற்சியில் ஊன்றிவிட்டது. உடலுக்கேற்ப அணி அமைந்தது. பின்னர் அணிக்கேற்ப உடல் பயின்றது.

இந்நான்கும் பயன்கள். இவற்றை நீக்கிவிட்டால் மரபான கோலம் என்று சொல்லத்தக்க மிச்சம் எதுவுமில்லை. பயனே மெய்ம்மையை ஈன்றது என முன்னர்க் கூறியதன் பொருள் இது.

5. படுகளம்

இரவில் மரத்தாலும் கண்ணாடியாலும் காட்டிய போர், இறுதி நாட் காலையில் மண்ணுக்கு வருகின்றது. கோயிலை அடுத்த திடலில் துரியோதனனின் பேருருவம் மண்ணால் மல்லாந்த நிலையில் அமைக்கப்பெறும். அதன் தொடையிற் செந்நிற நீர் கொண்ட கலம் மறைத்து வைக்கப்பெறும். துரியோதனனும் வீமனுமாக வேடம் பூண்ட கூத்தர் அவ்வுருவத்தைச் சுற்றி ஓடிப் பொருவர். இறுதியில் வீமன் தொடையில் அடிப்ப, செந்நீர் வெளிப்படும். அதன்பின் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்பெறும். இச்சடங்கினை விரிவாக ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றிய தம் இருதொகுதிகளை 1988-லும் 1991-லும் வெளியிட்டார். கூத்தின் வரலாற்றுக்கு ரிச்சர்டு பிராஸ்கா 1990-இல் வெளியிட்ட நூலும் துணைசெய்யும்.

நம் ஆய்வுக்கு வேண்டுவது ஒன்று. களத்தில் அடிபடுவது ஆடுவோன் உடலன்று, மண்ணுருவம். மரபு மரணத்தை மண்ணுக்கு மாற்றி, ஆடுவோனைக் காத்தது. எனினும் களத்திற் கூடியோர் அதனைப் பொய் எனக் கருதுவதில்லை. அருள் வந்து ஆடுவோரும் உளர். செந்நிற நீர் குருதியன்று என்பதை யாவரும் அறிவர், அறிந்தும் கைகூப்புவர். காப்புக்காகச் செய்யப்பெற்ற மாற்றம் நிகழ்வின் உண்மையைக் குறைக்கவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஈண்டு மற்றொன்றும் நோக்கத்தக்கது. பாகூர் உண்மைப் போரைக் கண்ட மண். நிருபதுங்கவர்மனின் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டால் கல்விச்சாலைக்குப் பெயர்பெற்ற அவ்வூரை அடுத்து, 1752-இல் ஸ்டிரிங்கர் லாரன்சின் ஆங்கிலப் படையும் கெர்ஜானின் பிரெஞ்சுப் படையும் துப்பாக்கியும் ஈட்டிமுனையும் கொண்டு பொருதன, கெர்ஜான் சிறைப்பட்டார். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலம் அது. ஆயினும் இவ்வட்டார ஊர்கள் ஆண்டுதோறும் உடலால் நினைவுகூர்வது பாரதப்போரையே. அந்நியர் இருவர் பொருத போர் ஏட்டில் நின்றது. திரௌபதியின் சூள் களத்தில் நின்றது. மக்கள் தமக்கு உரியதெனக் கொண்ட போருக்கே கோலம் பூண்பர்.

6. சிவப்புத் தொப்பியும் மேனாட்டு மறுநிகழ்வும்

பயனுக்கு இடங்கொடுத்தும் அடையாளத்தைக் காக்கும் முறை கூத்துக்கு மட்டும் உரியதன்று. புதுச்சேரிக் காவலரின் சிவப்புக் கெப்பித் தொப்பி அதற்கு அண்மைச் சான்று. 1954 நவம்பர் முதல் நாளில் பிரெஞ்சு ஆட்சி கைம்மாறியது. 1962-இல் அம்மாற்றம் சட்டப்படி நிறைவுற்றது. உடையின் ஏனைய கூறுகள் இந்தியக் காவலர் வழக்கைத் தழுவ, கெப்பி மட்டும் நின்றது. ஒரே ஓர் உறுப்பு முழு வரலாற்றையும் சுமக்க வல்லது என்பதற்கு அது சான்று. பிரெஞ்சுப் படையிற் பணிபுரிந்து ஓய்வுபெற்றோர் சூலை 14-இல் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தின் முன் பதக்கம் அணிந்து கூடுவதும் இவ்வகையினதே. சீருடை முழுதும் வேண்டியதில்லை. மார்பிற் பதக்கம் போதும்.

மேனாடுகளில் இவ்வினா வேறுவகையாக எழுந்தது. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் சீல்டு நாட் என்னும் கழகம் 1968-இலும், உரோமப் படையைக் காட்டும் எர்மின் ஸ்டிரீட் கார்டு என்னும் குழு 1972-இலும் தோன்றின. அமெரிக்காவில் 1863 சூலையில் நிகழ்ந்த கெட்டிஸ்பர்க் போரை நடிப்போர் அதே சூலை வெயிலிற் கம்பளிச் சீருடை அணிந்து நிற்பர். தையல் நூல் வரை பழமை பேணுவோரும், பத்தடித் தொலைவிற் சரியாகத் தோன்றினால் போதும் என்போரும் என அவருள் இருசாரார் உளர். முன்னவர் பின்னவரை ஃபார்ப் என்னும் சொல்லால் இகழ்வதும் உண்டு.

இவருட் கூத்தரோடு வைத்து எண்ணத்தக்கது உரோமக் கவசத்தின் வரலாறு. தட்டுகளாலான அக்கவசத்தைத் தோற்சட்டையின்மேல் தைத்தனர் என்றே முன்னையோர் கருதினர். 1964-இல் வட இங்கிலாந்தின் கோர்பிரிட்ஜில் இரும்புத் தட்டுகள் கண்டெடுக்கப்பெற்றன. எச். ரஸ்ஸல் ராபின்சன் அவற்றை ஆராய்ந்து, உட்புறத் தோல்வார்களால் தட்டுகள் இணைக்கப்பட்டமையைக் காட்டி, அணியத்தக்க கவசமாகவே அமைத்துத் தம் நூலை 1975-இல் வெளியிட்டார். வார்கள் உள்ளே அமைந்தமையால் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி உடலோடு இயங்கின. உடலில் ஏற்றிப் பார்ப்பதே பழமையை அறியும் வழியாயிற்று. அணிய முடியாத கவசம் பழங்கவசம் ஆகாது என்னும் இம்முடிவைக் கூத்தர் நூலின்றியே அறிந்திருந்தனர்.

வேறுபாடும் உண்டு. மேனாட்டார் அறுந்துபோன மரபை அகழ்ந்தெடுத்து ஒட்டுகின்றனர்; ஆதலின் பொருளின் பழமையையே பற்றுக்கோடாகக் கொள்ள வேண்டியவராயினர். கூத்தரோ அறாத மரபில் நிற்பவர். அவர்க்குப் பற்றுக்கோடு ஆசிரியரிடமிருந்து மாணவனுக்கு வந்த உடற்பயிற்சி. மேனாட்டாரின் அளவுகோலை அப்படியே கொண்டு கூத்தை அளப்பது பொருந்தாது.

7. மாறும் பொருள்கள்

இன்று கூத்துக்களத்திற் புதிய பொருள்கள் பல புகுந்துள்ளன. மின்குழல் விளக்கும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டன. பிளாஸ்டிக் மணியும் ஒட்டுத்தாளும் கண்ணாடியோடு கலந்துள்ளன. மரத்திற்கு மாற்றாகத் தெர்மாகோல், நாரிழைக் கலவை முதலியவற்றைக் கருதுவோரும் உளர். இவற்றைக் கண்டு மரபு அழிந்தது எனப் புலம்புவோர் ஒருசார்; காலத்திற்கேற்ற மாற்றம் என யாவற்றையும் ஏற்போர் மறுசார். இருவரும் பொருளைப் பார்க்கின்றனர். அது செய்யும் பணியைப் பார்த்திலர்.

நான்காம் பகுதியிற் கண்ட எடை, ஒளி, தொலைவு, உறுதி என்னும் நான்கையும் அளவுகோலாகக் கொண்டால் தீர்ப்பு வேறாகின்றது. தெர்மாகோல் எடையில் தேறும், உறுதியில் தோற்கும். இறுகக் கட்டும் கயிறு அதனை அறுக்கும். பதித்த கண்ணாடியை அது தாங்காது. ஒரு பருவம் ஆடுமுன் நொறுங்கும். மேலும் அது எடையே இல்லாதது. தோளில் ஓரளவு சுமை இருந்தாலன்றி வீரனின் நிலை கைகூடாது. நாரிழைக் கலவை மெல்லியதாக வார்க்கப்படின் நான்கிலும் தேறக்கூடும். அதனைப் புதியது என்னும் ஒரே காரணத்தால் விலக்குதல் முறையன்று. ஆனால் அச்சில் வார்த்தவை யாவும் ஒரேவகையாக அமையும். இந்தக் கூத்தரின் தலையளவுக்கும் தோளளவுக்கும் ஏற்பச் செதுக்கும் வாய்ப்பு அங்குக் குறையும். அக்குறையை நீக்கும் வழி காணப்படின் தடையில்லை.

விளக்கின் நிலை நுட்பமானது. மின்குழல் விளக்கு அணியைத் தொடவே இல்லை. எனினும் அணியின் பணியை மாற்றிவிட்டது. அசையாத வெள்ளொளி களம் முழுதும் ஒருசீராகப் பரவும்போது கண்ணாடித் துண்டு மின்னுவதற்கு வேண்டிய இருள் இல்லை. மரமும் கண்ணாடியும் பழையனவாகவே இருந்தும் கோலம் மங்கிவிடுகின்றது. இங்கே மெய்ம்மையைக் கெடுத்தது மாறிய அணியன்று. மாறாத அணியைச் சூழ்ந்த ஒளி. களத்தின் நடுவில் மட்டும் மஞ்சள் ஒளியைத் தாழ வைத்து, சுற்றிலும் இருளை விடுதல் செலவற்ற பரிகாரம்.

ஒலிபெருக்கி மற்றொரு பாடம் கற்பிக்கின்றது. நிலையாக நாட்டிய ஒலிவாங்கி ஆடுவோனை ஓரிடத்திற் கட்டிவிட்டது. கிறிக்கியின் வட்டம் சுருங்கிற்று. உடலிற் பொருத்தும் சிறு ஒலிவாங்கி அவ்வட்டத்தை மீட்டுத் தரவல்லது. மார்புப் பதக்கத்தோடு உராயாதவாறு அதனை அமைத்துக்கொண்டால், பழையதைவிடப் புதிய கருவியே மரபுக்கு அணுக்கமாகும்.

மரத்தைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். கல்யாணமுருங்கையின் இலையையும் தண்டையும் வீங்கச் செய்யும் நுண்குளவி ஒன்று 2004-இல் அறிவியலாரால் முதன்முதல் விளக்கப்பெற்றது. 2006-ஆம் ஆண்டளவில் அது தென்னிந்தியாவிலும் காணப்பட்டு, மிளகுக் கொடிக்கும் வெற்றிலைக் கொடிக்கும் ஊன்றிய மரங்களைப் பெரிதும் தாக்கியது. வேலிகளும் கொடிக்காலும் குறைந்துவரும் நாட்களில் இது சிறுகேடன்று. கூத்தரின் கோலத்தைப் பேணுவோம் என்போர் மரத்தை மறந்து மேடையை மட்டும் நினைத்தல் தகாது. செதுக்குதற்குரிய மரம் ஊரில் இல்லையாயின், மரபா புதுமையா என்னும் வழக்கு, தீர்ப்புக்கு முன்னரே முடிந்துவிடும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. புறத்திணை இலக்கணம் தொட்டே தமிழர் போர்க்கோலத்தைக் காட்டும் பொருளாகவும் கருதினர். உண்மை வீரனின் எளிய கோலத்தை நடுகல் காத்தது. காப்பிய வீரனின் பெருங்கோலத்தைக் கூத்துப் படைத்தது. அப்படைப்பு எடை, ஒளி, தொலைவு, உறுதி என்னும் தேவைகளால் வடிவு பெற்றது. எனவே ஒரு புதிய பொருள் மரபுக்கு ஏற்றதா என்பது அதன் வயதைக் கொண்டு முடிவுசெய்யத் தக்கதன்று. இந்நான்கு பணிகளையும் அது ஆற்றுகின்றதா என்பதைக் கொண்டே முடிவுசெய்யத் தக்கது.

இவ்வளவைக்குச் சான்று வேண்டும். அச்சான்று கூத்தரின் கைகளிலும் தோள்களிலும் உள்ளது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் தோன்றிய கட்டைக்கூத்துக் குருகுலம் ஒரு தலைமுறை மாணவரைப் பயிற்றி 2020-இல் நின்றுவிட்டது. கற்பிக்கும் இடங்கள் அருகும்போது குறிப்பெடுக்கும் கடமை பல்கலைக்கழகங்களுக்குப் பெருகுகின்றது. பாகூர், வில்லியனூர் வட்டாரத்தில் ஆடவரும் கூத்துக் குழுக்களிடமுள்ள ஒவ்வொரு கட்டையின் நீளம், அகலம், எடை, மரம், கட்டும் முறை ஆகியவற்றை அளந்து எழுதி வைத்தல் வேண்டும். அவற்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்து அளப்பதினும், அணிந்து ஆடும் கூத்தரோடு அமர்ந்து அளப்பதே முறை. எங்கே உறுத்துகின்றது, எங்கே தளர்கின்றது, எந்தச் சுழற்சியில் நழுவுகின்றது என்பதை அவரே சொல்ல வல்லார். அச்சொற்கள் பதிவாகுமாயின், நாளை எப்பொருளாற் செய்யினும் அது கட்டையாகவே நிற்கும். பதிவாகாதொழியின், பழைய மரத்தாற் செய்தாலும் அது வெறும் மரமேயாம்.